மரத்துக்குக் காசு

அக்காவின் காணியில் காடு வளர்ந்துவிட்டது என்பதற்காக அரசாங்கம் ஒருமுறை அந்தக் காணியைப் பிடுங்கப் பார்த்தது. சில வருடங்கள் கழித்து, அதே காணியில் காடு வளர்ந்திருக்கிறது என்பதற்காக அதே அரசாங்கம் அவளுக்குக் காசு தர வந்தது. பிடுங்க வந்தது ஒரு திணைக்களம், தர வந்தது இன்னொன்று. இரண்டின் கடிதங்களிலும் ஒரே இலச்சினைதான் இருந்தது. இதையெல்லாம் விளங்கிக்கொள்ள ஒரு மனிதருக்கு இரண்டு ஆயுள் வேண்டும். அக்காவுக்கு இருந்தது ஒன்று, அதிலும் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

அக்கா கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய வீட்டின் பின்புறத்து அனெக்ஸில் இருந்தாள். ஒரு அறை, பக்கவாட்டில் திரும்பினால்தான் நின்று சமைக்கக்கூடிய குசினி, முற்றத்துக்கு அப்பால் குளியலறை. அத்தான் செத்துப்போனபின் விதவைப் பென்ஷனில் அங்கேயே காலத்தை ஓட்டினாள். பிள்ளைகள் இல்லை. முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரி ஒரு முஸ்லிம் பெண்மணி, அக்காவைவிட இரண்டொரு வயது இளையவர். இருவரும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று, டெங்குப் பரிசோதகரிலிருந்து டொலர் விலைவரை தினமும் கதைப்பார்கள். பெருநாளைக்கு வட்டிலப்பம் இந்தப் பக்கம் வரும், பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பக்கம் போகும்.

அந்தப் பெண்மணிதான் ஒரு பின்னேரம் வந்து, வீட்டை விற்றாயிற்று என்று சொன்னார். அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம்.

"நான் என்ன செய்ய அக்கா? மகன்மார் எல்லாம் சேர்ந்து முடிவு எடுத்துட்டாங்க. என்னையும் தெஹிவளைக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்று சொல்லி அழுதாராம். அக்கா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாளாம். வீட்டை விட்டு எழும்பச் சொல்ல வந்தவருக்குத் தேத்தண்ணி. எனக்கு அதைக் கேட்டவுடனேயே எரிச்சல் வந்தது.

வெள்ளவத்தையில் இனி அந்த வாடகைக்கு ஒரு கோழிக்கூடுகூடக் கிடைக்காது. நானும் வெள்ளவத்தைதான், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இல்லை, மற்றப் பக்கம். இரண்டு அறை வீடு. நான், மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு. நான் அக்காவை வாருங்கோ என்று கூப்பிட்டேன்.

"தம்பி வீட்டிலை வந்து ஒதுங்கிற அளவுக்கு நான் இன்னும் வரேல்லை" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டேன்.

அக்காவிடம் இருந்த ஒரே சொத்து வன்னிக் காணி. அப்பா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வயல். மாங்குளத்திலிருந்து உள்ளே போகவேண்டும், ஒரு சின்னக் குளத்தை ஒட்டி இருக்கிறது. அத்தான் இருந்தவரை அவருடைய கையெழுத்து இல்லாமல் அவளால் அதை விற்க முடியாது, தேசவழமைச் சட்டம் அப்படி. அத்தான் போனபின் விற்கலாம், ஆனால் வாங்க ஆளில்லை. சண்டைக் காலம் முழுக்க அங்கே யாரும் போகவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. வீரையும் பாலையும் ஈச்சம்பற்றையும் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன.

அந்த நேரம்தான் காட்டுக்குப் பொறுப்பானவர்கள் வந்து காணிக்குள்ளேயே எல்லைக்கல் போட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் எல்லாம் அரச காடாம். அக்காவுக்கு அப்போது முழங்கால் நன்றாக வேலை செய்தது. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினாள், அப்பாவின் கையெழுத்தைக் காட்டினாள். ஒரு கந்தோரில் ஒரு பெரிய அதிகாரி அவளுக்கு இப்படிப் புத்தி சொன்னாராம்: "காணி எண்டால் காணி மாதிரி இருக்கவேணும் அம்மா. காடாய் விட்டால் காடு எண்டுதான் நாங்கள் எழுதுவம்."

அக்கா அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் கல்லைப் பிடுங்கிவிட்டார்கள், தவறுதலாகப் போட்டது என்று ஒரு கடிதமும் வந்தது. ஆனால் கல் போட்ட காணி என்ற பேர் போகவில்லை. தரகர்மார் வந்து பார்ப்பார்கள், விசாரிப்பார்கள், பிறகு தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரும், பிறகு பார்ப்போம் அம்மா என்று சொல்லி உறுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, காணி அவளுடையது. அதை விற்கவும் முடியாது, விதைக்கவும் முடியாது.

இந்த நிலைமையில்தான் பேப்பரில் அந்தத் திட்டத்தைப் பார்த்தேன். குளங்களை அண்டிய தனியார் காணிகளில் தானாக வளர்ந்த மரம் செடிகளை வெட்டாமல் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு வருடாந்தக் கொடுப்பனவு. மண் அரித்துக்கொண்டு போய்க் குளம் தூர்ந்துபோகாமல் இருக்கவாம், பறவைகள் தங்கவாம். பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டே அக்காவிடம் போனேன்.

"மரத்துக்குக் காசு குடுக்கினமாம், அக்கா."

"ஆர்?"

"கவர்ன்மென்ற்."

"வெட்டுறதுக்கோ?"

"இல்லை, வெட்டாமல் விடுறதுக்கு. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா விட்டால் போதும்."

அக்கா சிரித்தாள். இந்த நாட்டில் சும்மா இருக்கிறதுக்குக் காசு வாங்கிறவை வேறை ஆக்கள், எங்களுக்கு ஆர் தரப்போகினம் என்றாள். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். பிரதேச செயலகத்திலிருந்து பதிலும் வந்தது. காணி தகுதியுடையதாகத் தெரிகிறது, நேரில் வந்து பார்த்தபின் முடிவு சொல்லப்படும் என்று எழுதியிருந்தார்கள். தமிழில் எழுதியிருந்தார்கள், பிழையில்லாமலும் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் காசும் பென்ஷனும் சேர்ந்தால் கல்கிசையில் ஒரு அறை எடுக்கலாம். போய்ப் பார்த்தோம். ஒரு சிங்களக் குடும்பத்தின் மேல்மாடி, தனி வாசல், யன்னலைத் திறந்தால் ரயில் பாதை. வீட்டுக்காரி அக்காவின் சிங்களத்தைக் கேட்டுச் சந்தோசப்பட்டாள். அக்கா அறையின் நடுவில் நின்று, சாமிப்படம் எந்த மூலையில், தையல் மெஷின் எந்த யன்னலடியில் என்று எனக்குக் காட்டினாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்துப் பல வருடம். இரண்டு மாதம் பொறுப்பதாக வீட்டுக்காரி சொன்னாள்.

பிறகு, அதிகாரிகள் காணிக்கு வரும் நாள் குறித்துக் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்த கையோடு அக்கா செய்த வேலைதான் இந்தக் கதை. எனக்கு அது அப்போது தெரியாது.

காணிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார். கலவரக் காலத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து வன்னியில் குடியேறிய குடும்பம். நல்ல மனிதர். தன் மாட்டைக் கட்டப் போகும்போது அக்காவின் காணியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அக்கா அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். அதிகாரிகள் வருகிறார்கள், காணி இப்படிப் பற்றையாகக் கிடந்தால் என்ன நினைப்பார்கள், உள்ளே நடந்து பார்க்க வழி வேண்டாமா, பாம்பு கீம்பு கடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? முன்பக்கத்தையாவது வடிவாகத் துப்புரவாக்கி வையுங்கோ என்று சொல்லியிருக்கிறாள். அவர் விசாரித்ததில், முன்பக்கத்துக்கு மட்டும் புல்டோசர் வராதாம். வந்தால் முழு நாளுக்குத்தான் வருமாம். முழு நாளுக்கும் காசு கொடுத்துவிட்டு அரை நாளில் அனுப்ப யாருக்கு மனம் வரும்? சரி, முழுக்கச் செய்யுங்கோ என்றிருக்கிறாள். கையில் கிடந்த கடைசிச் சோடிக் காப்பைக் காலி வீதியில் அடைவு வைத்துத்தான் அந்தக் காசை அனுப்பியிருக்கிறாள்.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளவத்தையில் சிரட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதற்கு டெங்குப் பரிசோதகர்கள் அவளைக் கோட்டுக்கு இழுப்போம் என்று மிரட்டியிருக்கிறார்கள். துப்புரவாக்காத காணிகளைப் பிரதேச சபை பொறுப்பெடுக்கும் என்று ஊரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். பற்றை வளர்ந்ததற்குத்தான் எல்லைக்கல் போட்டார்கள். ஆயுள் முழுக்க அதிகாரிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். அதை அவள் நன்றாகப் படித்திருந்தாள். பரீட்சையில்தான் கேள்வியை மாற்றிவிட்டார்கள்.

காலை ரயிலில் போனோம். கோட்டை நிலையத்தில் அக்கா என்னை முந்திக்கொண்டு ஏறி, யன்னல் பக்கம் பிடித்தாள். பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பொல்காவலை தாண்டியதும் பார்சலைப் பிரித்துவிட்டாள். வழி முழுக்கக் கதை. அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை, அந்தச் சிங்கள வீட்டுக்காரிக்குத் தீபாவளிக்கு என்ன பலகாரம். அனுராதபுரம் வந்தபோது என்னைப் பார்த்து, "காணியைப் பார்த்தியெண்டால் நீயே சந்தோசப்படுவாய்" என்றாள். எனக்கு நித்திரை வந்துகொண்டிருந்தது. ஓம் ஓம் என்றேன்.

மாங்குளத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். குளக்கட்டில் ஏறியதும் ஆட்டோக்காரப் பெடியன் வேகத்தைக் குறைத்தான். நான் காட்டைத் தேடினேன். குளம் தெரிந்தது, குளத்துக்கு அப்பால் உள்ள பனைகள் தெரிந்தன, அதற்கும் அப்பால் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரை தெரிந்தது. நடுவில் சிவப்பு மண். பிரட்டிப் போட்ட, ஈரம் காய்ந்த, ஒரு புல்லும் இல்லாத மண். ஓரத்தில் வேரோடு பிடுங்கிய மரங்கள் குவியலாகக் கிடந்தன, அதில் பாதி எரிந்து கரியாகியிருந்தது. மூலையில் ஒரே ஒரு மருதமரம் நின்றது. அதற்குக் கீழே வைரவர் சூலம் இருந்தபடியால் டோசர்க்காரன் அதைத் தொடவில்லை.

"எப்பிடி?" என்றாள் அக்கா.

அந்த மலையக மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். "அம்மா போன்ல சொன்னாங்க சார், ஆபீசருங்க வர்றாங்க, கிளீனா இருக்கணும்னு. காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் நம்ம சொந்தக் காணி மாதிரி கூடவே நின்னு பாத்தேன். ஒரு வேரு விடல" என்றார்.

என் வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தைகள். அவற்றை விழுங்கிக்கொண்டு, "நல்லது" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் செய்தது முழுக்க நல்ல வேலைதான்.

அதிகாரிகள் இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஓட்டிவந்தவர் நடுவயதுக்காரர். பின்னால் இருந்தவள்தான் பொறுப்பானவள். முப்பது வயதுக்கு மேல் இராது, தொப்பி போட்டிருந்தாள், கழுத்தில் கமெரா. இறங்கினாள். குளத்தைப் பார்த்தாள், கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், திரும்பவும் காணியைப் பார்த்தாள். பாதை தவறி வந்துவிட்டோமா என்று கூட வந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அம்மா, மரங்கள் எங்கை?" என்றாள்.

அக்கா கையை அகட்டி முழுக் காணியையும் காட்டினாள். "எல்லாம் எடுத்துப் போட்டன் பிள்ளை. நீங்கள் பயப்பிடாமல் நடந்து பார்க்கலாம். எல்லை நாலும் தெரியுது, பாருங்கோ."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் மருதமரத்தைப் பார்த்தேன். பிறகு அவள் நடந்து போய் அந்த மரத்தடியில் நின்றாள். வெயிலுக்கு வேறு ஒதுங்க இடமில்லை. நாங்களும் அங்கே போனோம். அங்கே வைத்து அவள் அக்காவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். குரலை ஒரு முறைகூட உயர்த்தவில்லை. நிற்கிற மரத்துக்குத்தான் கொடுப்பனவு. ஒரு மரத்துக்குக் கொடுக்க வழியில்லை. போன மாதம் எடுத்த செய்மதிப் படத்தில் இந்த வட்டாரத்திலேயே அடர்த்தியான துண்டு இதுதானாம். அதனால்தான் முதலாவதாக இங்கே வந்தார்களாம்.

"இனி வளர்ந்தால் தருவியளோ?" என்றேன் நான். கேட்டிருக்கக்கூடாது.

"வளர்ந்தால் திரும்ப விண்ணப்பிக்கலாம், சேர். இப்பிடி வர ஒரு பதினைஞ்சு இருபது வருசம் செல்லும்" என்றாள். சொன்னபிறகு அக்காவின் வயதைக் கவனித்திருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள். பாலை மரம் வெட்டியதற்கு வழக்கும் வைக்கலாமாம். அதைத் தான் எழுதப் போவதில்லை என்றும் சொன்னாள். எழுதாமல் விட்டதுதான் அன்றைக்கு அரசாங்கத்திடமிருந்து எங்களுக்குக் கிடைத்த உதவி.

மோட்டார் சைக்கிள் போனபிறகும் அக்கா மரத்தடியிலேயே நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன், அழவில்லை.

"அப்ப முந்தி அந்தக் கந்தோரிலை சொன்னது?" என்று கேட்டாள். "காணி மாதிரி இருக்கவேணும் எண்டவை."

"அது வேறை கந்தோர், அக்கா."

"எனக்கு ஆரும் சொல்லேல்லையே, தம்பி."

நான் சொன்னேன்தான். சும்மா விட்டால் போதும் என்று சொன்னேன்தான். அதை அந்த இடத்தில் ஞாபகப்படுத்தி என்ன பிரயோசனம்? எனக்கு அக்காமேல் கோபம் வந்தது, அந்தத் தொப்பிக்காரப் பிள்ளைமேல் வந்தது, கல் போட்டவர்கள்மேல் வந்தது, கடைசியில் குளத்தில் நின்ற கொக்குமேலும் வந்தது. திரும்பும்போது ரயிலில் அவள் யன்னல் பக்கம் இருக்கவில்லை. கொழும்பு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

கல்கிசை அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிடச் சொல்லி நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அந்தச் சிங்களப் பெண் 'அனே' என்று பரிதாபப்பட்டுவிட்டு, நோனாவுக்கு, அதாவது அக்காவுக்கு, சுகமில்லையா என்று கேட்டாள். ஓம், கொஞ்சம் சுகமில்லை என்றேன்.

மிச்சமிருந்தது ஒரு வழி. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. வீடு காணி ஒன்றுமில்லாதவர்களுக்கு இலவசம். வசதியுள்ளவர்கள் மாதாமாதம் கட்டவேண்டும், அந்தக் காசு அக்காவின் பென்ஷனைவிடக் கூட. தெரிந்த ஒருவரைப் பிடித்து, இலவசப் பக்கத்தில் ஒரு கட்டில் இருக்கிறதென்று அறிந்துகொண்டேன். அக்கா மறுப்பாள் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டிருந்தவள், "அவையும் கும்பிடுகிற ஆக்கள்தானே" என்று சொல்லிச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆட்டோவில் போகும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். காணி பூமி ஏதும் இருக்கா என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்லுங்கோ. அதை விற்கவும் ஏலாது, அதிலிருந்து ஒரு சதம் வரவும் வராது. இல்லாத மாதிரித்தான். பொய் இல்லை. அக்கா ஆமர் வீதி நெரிசலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டாளா இல்லையா தெரியவில்லை.

சிஸ்டர் நல்ல மனிசி. அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார், பிரஷர் இருக்கா, சீனி வருத்தம் இருக்கா, சாப்பாடு மரக்கறி மட்டுமா என்று எல்லாம் கேட்டார். கட்டிலையும் காட்டினார். யன்னல் ஓரத்துக் கட்டில், வெள்ளைப் படுக்கைவிரிப்பு. பிறகு போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்:

"அம்மாவின் பேரில் வீடு, காணி ஏதும் இருக்கா?"

நான் அக்காவின் செருப்பை என் காலால் தட்டினேன்.

"இருக்கு" என்றாள் அக்கா. நிமிர்ந்து இருந்தாள். "மாங்குளத்துப் பக்கம் வயல் காணி. அப்பா எழுதித் தந்தவர். என்ரை பேரிலைதான் உறுதி."

அது ஒன்றுக்கும் உதவாத காணி என்று நான் இடையில் விழுந்து சொல்லிப் பார்த்தேன். கல் போட்ட கதை, விலை போகாத கதை, டோசர்க் கதை எல்லாம் சொன்னேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. ஆனால் விதி விதிதான். காணி உள்ளவர்களை இலவசப் பக்கத்தில் எடுத்தால், இருக்கிற கட்டிலுக்காக வெளியில் காத்திருக்கும் ஒன்றுமில்லாதவர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார்? அவரோடு சண்டைபிடிக்கவும் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

தெருவில் இறங்கியதும் கத்தினேன். கொட்டாஞ்சேனைச் சந்தியில் சனம் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "ஒரு சொல்லு, அக்கா! இல்லை எண்ட ஒரு சொல்லு! அதைச் சொல்ல ஏலாமல் போச்சே உங்களுக்கு!"

அக்கா கோபிக்கவில்லை. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா தந்ததையும் இல்லையெண்டு சொல்லிப்போட்டு, பிறகு என்னெண்டு அங்கை போய்ப் படுக்கிறது?" என்றாள்.

பஸ் வந்தது, ஏறினோம். புறக்கோட்டையில் இறங்கி வெள்ளவத்தை பஸ்ஸுக்கு மாறினோம்.

அந்த மாத முடிவில் அக்காவின் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. தையல் மெஷினுக்கு இடமில்லை, முன்வீட்டுப் பெண்மணி தெஹிவளைக்குக் கொண்டுபோனார். அக்காவுக்குக் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் சுவருக்கும் நடுவில், மடக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக எழும்புமுன் அவள் எழும்பி அதை மடக்கிவிடுவாள். மருமகள் தன் அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். அக்கா அதில் ஒன்றும் வைக்கவில்லை. அவள் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளும் கட்டிலடியில் கயிறு கட்டியபடியே இருக்கின்றன. மாற்றுச் சேலை வேண்டும்போது மட்டும் ஒன்றின் கயிற்றை அவிழ்ப்பாள், எடுத்துக்கொண்டு திரும்பவும் கட்டிவிடுவாள்.